கோதுக்கு எண்ணெய் காணுமோ

அச்சுக்குள் போன பித்தளைக் கோது திரும்பி வரவில்லை.

கிரெய்கிபர்னில் எங்கள் வீட்டு கராஜ். வெயில் இருந்தது, சூடு இல்லை. மேசை ஓரத்தில் பூட்டியிருந்த இரும்பு பிரஸ்ஸின் கைபிடியை இடது கையால் பிடித்தபடி என் கணவர் சுந்தரம் நின்றார். கைபிடி கீழே போயிருந்தது. மேலே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"ராணி, கொஞ்சம் வா. சேர்ந்து தூக்கலாம்" என்றார்.

இரண்டு பேருமாகத் தூக்கினோம். 'டக்' என்று ஒரு சத்தம். கைபிடி இலேசாக மேலே வந்துவிட்டது. எனக்குச் சந்தோசம். அவர் முகம் விழுந்துபோயிற்று. கோதின் அடிவிளிம்பு மட்டும் பிய்ந்து வந்திருந்தது. மிச்சம் முழுவதும் அச்சுக்குள்ளேயே இறுகிக் கிடந்தது.

விரலில் மோதிரம் இறுகினால் எங்கள் சனம் என்ன செய்யும்? நான் குசினிக்கு ஓடி நல்லெண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து அச்சின் தலையில் ஊற்றினேன். கோது அசையவில்லை. எண்ணெய் பிரஸ்ஸில் வழிந்து, மேசையில் வழிந்து, கடைசியில் என் செருப்புக்குள் வந்து சேர்ந்தது.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் இப்படி ஏதாவது கூத்தடித்தால் சிரிக்காமல் விடுகிற மனிதர் அல்ல அவர். கதிரையில் இருந்துகொண்டு, மடியில் கிடந்த தன் வலது கையையே பார்த்தார்.

"போதும் ராணி. இந்தக் கைய நம்பி இனி ஒண்ணும் ஆகாது. இந்தச் சாமான் எல்லாத்தையும் நம்ம கெவின்கிட்டக் குடுத்துரலாம்."

அவர் வாயிலிருந்து அந்த வசனம் எப்போது வரும் என்று பல வருடம் காத்திருந்தவள் நான். வந்தபோது எனக்கு அது வேண்டாமல் இருந்தது.

பேப்பரைச் சுடுகிற மனிதர்

அவர் கோயம்புத்தூர்க்காரர். டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் அச்சு வெட்டுகிற வேலை. அதே இடத்தில் நான் பெட்டி கட்டினேன். அகதியாக வந்த யாழ்ப்பாணத்துக்காரியும் ஸ்கில்ட் விசாவில் வந்த கொங்குநாட்டுக்காரரும் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒருவர் கறியை மற்றவர் குறை சொல்லிச் சொல்லியே கல்யாணம்வரை வந்துவிட்டோம்.

கெவின் அவருக்குப் பக்கத்து மெசினில் வேலை செய்தவர். ஊருக்கு வெளியே இருக்கிற துப்பாக்கி சுடும் கிளப்பில் பழைய உறுப்பினர். ஒரு சனிக்கிழமை இவரையும் கூட்டிக்கொண்டு போனார். அதோடு இவர் மாட்டிக்கொண்டார்.

"என்னத்தைச் சுடப் போறியள்? மானோ, முயலோ?" என்று கேட்டேன்.

"பேப்பரு" என்றார். தூரத்தில் ஒரு பலகையாம், அதில் ஒரு கறுப்பு வட்டமாம். மூச்சை அடக்கி, காற்றைப் பார்த்து, அந்த வட்டத்துக்கு நடுவில் ஓட்டை போட வேண்டுமாம்.

"பேப்பரில ஓட்டை போடுறதெண்டால் ஒஃபிஸ் சாமான் விக்கிற கடையில மெசின் இருக்குதெல்லோ" என்றேன். அவர் அதற்கும் சிரித்தார்.

சுட்ட பிறகு மிஞ்சுகிற பித்தளைக் கூட்டை இந்த ஆட்கள் எறிவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, சுத்தமாக்கி, பழைய அளவுக்கு அமுக்கி, திரும்பவும் நிரப்பிப் பாவிக்கிறார்கள். அவருக்கு லைசன்ஸ் இருந்தது. வெடிமருந்தும் குண்டும் பூட்டிய அலமாரியில் இருந்தன. அந்தப் பூட்டின் திறப்பு எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நான் சொல்ல வந்தது வெறும் பித்தளையின் கதை.

அந்தக் கூட்டை அவர் 'கேஸ்' என்பார். ஒருமுறை ஊரிலிருந்து அவருடைய அக்கா ஃபோன் எடுத்தபோது, "நூறு கேஸ் கெடக்குதுக்கா, எல்லாத்துக்கும் எண்ணெய் போடோணும்" என்று இவர் சொல்ல, அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. "யாருடா உம் மேல அத்தன கேஸு போட்டது? வக்கீலு வெச்சிட்டியா?" என்று மச்சாள் விசும்பினார். பித்தளைக் கூடு என்று விளங்கவைக்க அரை மணி நேரம் பிடித்தது. விளங்கிய பிறகு, "அதுக்கேன் எண்ணெய்? பித்தளைன்னா புளி போட்டு வெளக்கோணும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

எங்கள் பக்கத்தில் அதன் பெயர் கோது. புளியம்பழத்தை உடைத்தால் மிஞ்சுவதும் கோது, வெடி போன பிறகு மிஞ்சுவதும் கோது.

கிணற்றில் விழுந்த விசில்

முதல் கோது எங்கள் வீட்டுக்குள் வந்தது அவருடைய காற்சட்டைப் பைக்குள். எனக்குத் தெரியாது. உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குள் கடகடவென்று சத்தம். நிற்பாட்டித் திறந்து பார்த்தால், நனைந்த துணிகளுக்கு நடுவில் பளபளவென்று கிடக்கிறது.

நான் மெசினை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தேன். அவர் வேலை முடிந்து வரும்வரை தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து சாவியைத் தொலைத்துவிட்டாயா என்று கேட்டாள். ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டு முன் ஒழுங்கையில் கோதுகள் கிடக்கும். அதன் வாயை உதட்டில் வைத்து ஊதினால் நல்ல விசில் வரும். பிள்ளைகள் எல்லோரிடமும் ஒன்று இருந்தது, என்னிடமும். அப்பா அதைக் கண்ட அன்று என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. வாங்கிக் கிணற்றுக்குள் போட்டார். பிறகு என் புத்தகப் பை, பாய், தலையணை எல்லாவற்றையும் உதறிப் பார்த்தார்.

"வீட்டில ஒரு கோது கிடந்தால் வீட்டில ஒரு ஆள் குறையும், பிள்ளை" என்றார்.

சோதனைக்கு வருகிறவர்கள் கோதைக் கண்டால் துவக்கு எங்கே என்று கேட்பார்கள். இல்லாத துவக்கை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

தபால்பெட்டியடியில் நின்றே இதைச் சுந்தரத்துக்குச் சொன்னேன். அன்றிலிருந்து கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவைக் கோது தாண்டியதே இல்லை. கிளப்பிலிருந்து வந்தால் அங்கேயே நின்று ஒவ்வொரு பையாக வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். நானும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்தேன்.

சோற்றுத் தட்டில் ஒரு சொல்

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட்டால் மேலே போக வசதியாக இருக்கும்.

கல்யாணமான புதிதில் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, "காணுமோ?" என்று கேட்டேன். அவர் தட்டைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தார். "எதக் காணோம்?" என்றார்.

எங்களுக்குக் காணும் என்றால் போதும். காணாது என்றால் போதாது. அவருக்குக் காணோம் என்றால் தொலைந்துவிட்டது. இந்தச் சொல்லால் எங்கள் வீட்டில் தேடப்படாத பொருள் இல்லை. போகப் போகச் சோற்றுக்கும் கறிக்கும் விளங்கிக்கொண்டார். ஆனால் தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. சோறு நிறைந்தால் "போதும்" என்பார், தட்டின்மேல் கையைக் குடை பிடிப்பார்.

ஆட்டு மணம்

ஒரு கோடை முடிகிற நேரம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடையும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் திரும்பவில்லை. அசையும், பிடிக்கும், ஆனால் எதைப் பிடிக்கிறது என்று அதற்குத் தெரியாது. கொதிக்கிற தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கதை பேசுவார், நான்தான் பறிப்பேன்.

கையில் உணர்வு வரும்வரை துவக்கைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கெவின் வந்து அதைத் தன் வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவைக்க எடுத்துக்கொண்டு போனார். விரலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிள்ளை, ஒரு கிண்ணம் அரிசிக்குள் சில்லறையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடச் சொன்னாள். கொஞ்ச நாள் தேடினார். பிறகு கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

"நான் என்ன கொழந்தையா? கராஜுல கேஸ் டப்பா இருக்குது. அதுக்கு எண்ணெய் போடற வேல இருக்குது. அதவிட விரலுக்கு நல்ல வேல எது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மூடியக்கூட என்னால தெறக்க முடியல" என்றார்.

அதற்கு மேல் நான் என்ன செய்ய? கதவைத் திறந்து கராஜுக்குள் போனேன். கோப்பை கழுவுகிற கையுறையைப் போட்டுக்கொண்டுதான் அந்த டப்பாவைத் தொட்டேன். கையுறையோடு எண்ணெய் பூச வராது என்று விளங்கியபோது கழற்றினேன். முதல் கோது விரலில் குளிர்ந்தது. கடவுளே என்று வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன்.

வேலை இதுதான். சுட்டவுடன் பித்தளை ஊதிப்போய்விடும். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர ஓர் இரும்பு அச்சுக்குள் அழுத்த வேண்டும். வெறுமனே அழுத்தினால் உள்ளே இறுகிவிடும். அதனால் முதலில் எண்ணெய் பூச வேண்டும்.

எண்ணெய் என்று நான் சொல்வது லனோலின், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பு. வெடித்த கைக்குப் பூச என்று பார்மசியில் விற்கிறார்கள். மழையில் நனைந்த ஆட்டின் மணம். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் துளி எடுத்து, கோதை இரண்டு விரலுக்கும் நடுவில் உருட்ட வேண்டும். அந்தக் கோதுக்குப் போத்தல் மாதிரிக் கழுத்தும் தோளும் உண்டு. உடம்புக்குப் பூசலாம், தோளுக்கு ஆகாது.

"கோதுக்கு எண்ணெய் வைச்சு முழுகவும் வார்க்கிறியளோ?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

அளவுதான் கஷ்டம். குறைந்தால் இறுகும். கூடினால் அச்சுக்குள் எண்ணெய்க்குப் போக இடமில்லாமல் தோளை நெளித்துவிடும். "எண்ணெய் இருக்கோணும், ஆனா கண்ணுக்குத் தெரியக்கூடாது" என்பார். அந்த அளவைக் கண் சொல்லாது, விரல்நுனிதான் சொல்லும். அவருக்கு இல்லாமல் போனதும் அதுதான்.

அதனால் நான் பூசினேன். அவர் பக்கத்தில் இருந்து, தன் பங்குக்குக் கொஞ்சத்தை வலது கையால் உருட்டினார். பாதி கீழே விழும். நான் பொறுக்கிக் கொடுப்பேன். காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு கராஜுக்குப் போவது எங்கள் வழக்கமாகிவிட்டது. என் கைவெடிப்பு மாறி, சருமம் குழந்தைப்பிள்ளையின் கை மாதிரி ஆனதுதான் எனக்குக் கிடைத்த இலாபம்.

கண்ணுக்குக் காணாது

கோது இறுகிய அந்தக் காலைக்கு வருகிறேன்.

அன்று அவர் தானாகவே ஒன்றை உருட்டி என்னிடம் நீட்டினார். "எப்படி இருக்குது?"

தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. எண்ணெய் எல்லாம் அவர் விரலிலேயே ஒட்டியிருந்தது. "காணாது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, குளிரில் இறுகிப்போன லனோலின் டின்னை ஹீட்டருக்குக் கிட்ட வைக்கத் திரும்பினேன். நான் திரும்பிய நேரத்தில் அவர் அதைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்திவிட்டார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

செருப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். "காணாது எண்டு சொன்னனானெல்லோ. ஏன் வைச்சனியள்?"

"காணாதுன்னுதானே சொன்ன? கண்ணுக்குக் காணாதுன்னா அளவு சரியா இருக்குதுன்னுதானே அர்த்தம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, சோத்துக்கு விளங்கின சொல்லு கோதுக்கு விளங்கேல்லையோ? இஞ்சருங்கோ, பிழை உங்கட கையில இல்லை. என்ர வாயிலதான்."

"கை நல்லா இருந்தா உன்னக் கேட்டிருக்கவே மாட்டனே, ராணி."

அவர் சொன்னது சரி. ஆனால் அந்த டப்பாவைக் கொடுத்துவிட்டால் நாளைக்குக் காலை தேத்தண்ணிக்குப் பிறகு அவர் எங்கே போவார்? டிவிக்கு முன்னால் போய் இருப்பார். பிறகு அங்கேயே இருந்துவிடுவார். அப்பா சொன்னது எனக்கு அப்போது தலைகீழாகக் கேட்டது: கோது வீட்டை விட்டுப் போனால் இந்த வீட்டில் ஒரு ஆள் குறையும்.

"ஒரு கோதும் ஒரு இடமும் போகாது" என்று சொல்லிவிட்டு, கெவினுக்கு ஃபோன் எடுத்தேன்.

கெவின் வந்து கராஜ் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார். நல்லெண்ணெய்க் கதையைச் சொன்னேன். அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு கோதின் அடியில் துளை போட்டு, அதற்குள் ஓர் ஆணியைத் திருகி, மெதுவாக வெளியே இழுத்து எடுத்தார். அச்சுக்கு ஒரு கீறலும் இல்லை.

"இதைச் செய்கிற எவனுக்கும் ஒருமுறையாவது இறுகும், மேட்" என்று சுந்தரத்திடம் சொன்னார். "எனக்கு இறுகினதே இல்லை என்று சொல்கிறவன் பொய்க்காரன்."

கெவின் தோசை சாப்பிட்டுப் போன பிறகு, சுந்தரம் பிய்ந்த அந்தக் கோதை எடுத்து மேசைமேல் நிறுத்திவைத்தார். மறுநாள் காலை கராஜ் கதவைத் திறந்தது அவர்தான்.

மேக்பை கொத்துகிற பருவம்

குளிர் போய், மேக்பை பறவைகள் தெருவில் போகிறவர்களின் தலையைக் கொத்த வருகிற பருவம். கராஜின் பெரிய கதவைத் திறந்து வைத்திருந்தோம். அவர் என் சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். "சாம்பார்ல யாராவது தேங்காப்பால் ஊத்துவாங்களா?" என்று தெருவைப் பார்த்தபடி கேட்டார். கேட்டுக்கொண்டே, நான் எண்ணெய் பூசி வைத்த ஒரு கோதை வலது கையால் எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டினார். உருட்டிய விரல் நின்றது.

"காணும்" என்றார்.

"என்னத்தைக் காணேல்லை?" நான் மேசைக்குக் கீழே குனிந்தேன். ஏதோ விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"எதுவும் விழல. எண்ணெய் காணும்ங்கறேன். உன் பாஷைலதான் சொல்றேன். இதுக்கு மேல பூச வேண்டாம்."

நான் நிமிர்ந்தேன். அவர் கோதைப் பார்க்கவில்லை, இன்னும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணை மூடுங்கோ" என்றேன். எண்ணெய் படாத ஒன்றை அந்தக் கையில் வைத்தேன். "இது?"

உருட்டினார். "இது காணாது."

இன்னொன்றை எடுத்துத் தோசைக்கல்லுக்குத் தடவுவது மாதிரித் தாராளமாகத் தடவிக் கொடுத்தேன். "இது?"

"அட, என்ன இது, இவ்வளவு அப்பி வெச்சிருக்கற? தோள் நெளிஞ்சிரும்."

சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். தன் விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டொக்டர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, துவக்கு இன்னும் கெவின் வீட்டில்தான் இருக்கிறது, எப்போது திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது. அதெல்லாம் எனக்கு அப்போது ஒரு பொருட்டாக இல்லை. நான் அழுதுவிட்டேன்.

அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல், அந்தக் காய்ந்த கோதை எடுத்து உதட்டில் வைத்து ஊதினேன். அப்பா கிணற்றில் போட்ட பிறகு நான் ஒரு கோதை ஊதியது அன்றுதான். விசில் கணீரென்று வந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. திரும்பவும் ஊதினேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நான் நிறுத்தவில்லை.

அவர் வலது கையை நீட்டி, கோதைப் பிடித்திருந்த என் விரல்களைப் பொத்தினார்.

"காணும் ராணி" என்றார், சிரித்துக்கொண்டே. "காணும், காணும்."